ஹோல்டர் பரிசோதனை: ஒரே வீட்டில் இரண்டு பேருக்குச் செய்து பார்த்த அனுபவம்

போன வருடம் எனக்கும், அதற்கு இரண்டு மாதம் கழித்து என் மாமியாருக்கும் ஹோல்டர் போட்டார்கள். இதயத் துடிப்பை 24 மணி நேரம் விடாமல் பதிவு செய்கிற சின்னப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் பக்கத்தில் யாருக்காவது டொக்டர் அதை எழுதிக் கொடுத்தால், அது என்ன, வலிக்குமா, எவ்வளவு முடியும், வருகிற இங்கிலீஷ் ரிப்போர்ட்டை யார் வாசித்துச் சொல்வார்கள் என்று தெரியாமல் அலைகிறார்கள். நானும் அலைந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த இடத்தின் பெயரும் போடவில்லை. நான் சொல்ல வருவது பரிசோதனையைப் பற்றியும், அதைக் கையில் வாங்கிய பிறகு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று எப்படி முடிவாகிறது என்பதைப் பற்றியும்தான்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 44. கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறும். இருட்டில் இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் வெறும் தரை வருமே, அந்த மாதிரி. அப்புறம் தொண்டை வரைக்கும் ஒரு பெரிய அடி. ராத்திரி இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மயக்கம் இல்லை, நெஞ்சுவலி இல்லை. ஆனால் பயம் இருந்தது. அந்த வருடம்தான் மேல் லயத்து அண்ணன் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை.

முதலில் போன இடத்தில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நல்லாயிருக்கு என்றார்கள். படபடப்பு இருக்கிறதே என்றேன். ஐந்து நிமிடத்தில் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற பீட்டா புளொக்கர் மாத்திரை 30 எழுதி, "தொடர்ந்து போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உண்டு. பனிக்காலத்தில் இன்னமும் எட்டிப் பார்க்கும். அவர்கள் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது. விடியும் வரை கட்டிலில் குந்திக்கொண்டே இருந்தேன். காலையில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினோம். அங்கிருந்தவர் அந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு, இழுப்புக்காரர்களுக்கு இது யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், முதலில் இதய நிபுணரைப் பாருங்கள் என்றார். மூன்று நாள் மட்டும் போட்டதால் என்னால் நிறுத்த முடிந்தது. மாதக்கணக்கில் போடுகிறவர்கள் இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது. டொக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்குப் போய் ஒரு நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி முறை எடுத்து, பார்த்தோம். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வராமல் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். அவர் சிங்களவர். தமிழ் கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம் கலந்து பேசினார். அவர் சொன்ன முதல் விஷயம் எனக்கு உடனே புரிந்தது. ஈ.சி.ஜி. பத்து செக்கன் படம்தான். ஒரு நாளில் 86,400 செக்கன் இருக்கிறது. மீதி நேரத்தில் நடப்பதைப் பிடிக்கத்தான் ஹோல்டர். அதோடு இதயத்தின் தசையையும் வால்வையும் பார்க்கிற எக்கோ ஸ்கேன், இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைரொயிட் என்று எழுதித் தந்தார்.

ஹோல்டருக்கு 8,500 ரூபா கட்டினேன். 2024 இல் தீர்மானித்த தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒருவரின் ஆறு நாள் உழைப்புக்கும் மேலே. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆனால் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு மயக்கம் ஒன்றும் வராததால் காத்திருந்திருக்கலாம். பயத்தில் தனியாரிடம் போய்விட்டேன்.

பெட்டி போடுவதில் வலி எதுவும் இல்லை. போட்டுவிட்டது ஒரு சிங்களத் தங்கச்சி. "அக்கா, பயம் வேண்டாம், ஊசி இல்லை" என்று தமிழில் சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தோலைத் துடைத்து, சொரசொரப்பான ஒரு சின்னத் துண்டால் லேசாகத் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்டிக்கர் பிடிக்காதாம். அதனால் அன்றைக்கு உடம்பில் எண்ணெயோ கிரீமோ பூசாமல் போவது நல்லது. நடுவில் குமிழ் வைத்த, ஜெல் தடவிய வட்ட ஸ்டிக்கர்களை நெஞ்சில் அங்கங்கே ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வயரைக் கொழுவி, வயர்களை ஒரு வளையம் போலச் சுற்றி பிளாஸ்டர் போட்டாள். அந்த வளையம் முக்கியம். வயர் எங்காவது மாட்டி இழுபட்டால் ஸ்டிக்கர் கழராமல் அது தாங்கிக்கொள்ளும். பெட்டி தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பெண்களுக்கு ஒரு விஷயம். நான் சேலையில் போயிருந்தேன், அது சரிவரவில்லை. முன்னால் பட்டன் வைத்த தளர்வான சட்டை, அதற்கு மேல் சுவெட்டர், அதுதான் வசதி. மறுநாள் பாடசாலைக்குச் சேலை கட்ட வேண்டியிருந்ததால், பெட்டியைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் உள்பாவாடை நாடாவில் கட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. குளிக்கத்தான் முடியாது. ஸ்டிக்கர் இருந்த இடம் அரிக்கும். கழற்றிய பிறகு சிவப்பு வட்டங்கள் நாலைந்து நாள் இருந்தன.

இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் நோர்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர், மொன்டானா மாநிலத்துக்காரர். அவருடைய முதல் கருவி முதுகில் சுமக்க வேண்டியது, நிறை 38 கிலோ. அதைச் சொன்னபோது மாமி, "ரெண்டு நாள் கொழுந்தையில்ல சுமந்திருக்காக" என்றார்.

பெட்டியோடு ஒரு தாள் தருவார்கள். என்ன செய்தீர்கள், எப்போது, அப்போது நெஞ்சில் என்ன உணர்ந்தீர்கள் என்று எழுத வேண்டும். எனக்குத் தந்த தாளில் தமிழ் இல்லை. தமிழர் இத்தனை பேர் வந்து போகிற இடத்தில் அது ஒரு பெரிய குறை. அரைப் பக்கத் தாள்தானே, மொழிபெயர்த்து அடிக்க ஒரு நாள் போதும். தமிழிலேயே எழுதுங்கள், நேரத்தை மட்டும் இலக்கத்தில் தெளிவாகப் போடுங்கள் என்று அந்தத் தங்கச்சி சொன்னாள். நான் கொப்பித் தாள் இரண்டு பக்கம் எழுதினேன். "5.40 பல் விளக்கினேன். 6.50 பாடசாலைப் படி ஏறினேன். 10.20 கரும்பலகை, துடிப்பு தவறியது, இரண்டு தரம். 1.15 சோறு, தேத்தண்ணி. 8.30 படுத்தேன், இடப்பக்கம், திரும்பவும்." தயவுசெய்து இந்தத் தாளைச் சோம்பல் படாமல் எழுதுங்கள். எனக்கு அது எப்படி உதவியது என்று பாருங்கள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்து, "இது சீரியஸ், சுருக்கா டொக்டரைப் பாருங்க, வாழ்நாள் முழுக்க மருந்து வரும்" என்றார். அவர் டொக்டர் இல்லை, டெக்னீஷியனும் இல்லை. அந்த வரியில் இருந்தது, இதயத்தின் கீழறையிலிருந்து ஒன்பது துடிப்புகள் தொடர்ச்சியாக, மிக வேகமாக வந்ததாக ஒரு கணக்கு. நேரம் காலை 5.41. நிபுணரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு ராத்திரியும் நான் தூங்கவில்லை. பிள்ளைகளின் பாஸ்புக்கை எங்கே வைத்திருக்கிறேன் என்று கணவரிடம் சொல்லி வைத்தேன். ரிப்போர்ட் கொடுக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உறையை ஒட்டிக் கொடுங்கள், அது போதும்.

நிபுணர் அந்த வரியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின் பக்கங்களைத் திருப்பி, அந்த நேரத்துத் துடிப்பு வரைபடத்தை எடுத்தார். பிறகு என் தாளைக் கேட்டார். 5.40 என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றார். பல் விளக்கினேன் என்றேன். பேனையை எடுத்து அந்தக் கிறுக்கலுக்குள்ளே கூர்மையாக நிற்கிற சின்னக் கோடுகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டார். ஒரே இடைவெளியில், ஒரே அளவில், வரிசையாக நின்றன. அவைதான் என் உண்மையான துடிப்பு. மற்ற அலையெல்லாம் பிரஷ் பிடித்த கை ஆடிய ஆட்டம். கை ஆடும்போது நெஞ்சுத் தசை அசையும், ஸ்டிக்கர் அசையும், பெட்டி அதையும் துடிப்பு என்று எழுதிவிடும். கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு முதல் வாசிப்புதான், அதை ஒரு மனிதர் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிறகு முதல் பக்கத்தை வரி வரியாகச் சொன்னார். அதை எழுதுகிறேன், வேறு யாருக்காவது ரிப்போர்ட்டைத் திறக்கும்போது கை நடுங்காமல் இருக்கட்டும்.

மொத்தத் துடிப்பு 104,680. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு அங்கே இங்கே இருப்பது சாதாரணம். சராசரி நிமிடத்துக்கு 73. மிகக் குறைந்தது 46, அதிகாலை 3.12 க்கு. 46 ஐப் பார்த்து நான் பயந்திருந்தேன். ஆழ்ந்த தூக்கத்தில் இதயம் இப்படி மெதுவாவது இயல்பு, பகலில் விழித்திருக்கும்போது 46 ஆகித் தலை சுற்றினால் அது வேறு கதை என்றார். மிகக் கூடியது 141, காலை 6.50 க்கு. தாளைப் பார்த்தார், படி ஏறிய நேரம். எங்கள் பாடசாலைக்கு 112 படி. ஏறினால் கூடத்தானே வேண்டும். இரண்டு செக்கனுக்கு மேல் இதயம் நின்ற இடம் ஒன்றும் இல்லை.

அப்புறம் எக்ஸ்ட்ரா துடிப்புகள். கீழறையிலிருந்து முறைக்கு முந்தி வந்தவை 1,926. ஆயிரக்கணக்கில் என்று பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் மொத்தத்தில் அது இரண்டு சதவீதம்கூட இல்லை. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கு ஹோல்டர் போட்டாலும் பெரும்பாலும் சில எக்ஸ்ட்ரா துடிப்பு இருக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால்தான், நாள்பட இதயத் தசை தளர்ந்துவிடுமா என்று உன்னிப்பாகக் கவனிப்பார்களாம். துடிப்பு தவறுகிறது என்று நான் நினைத்தது உண்மையில் தவறவில்லை. முந்தி வந்த சின்னத் துடிப்பில் இரத்தம் சரியாக நிரம்பாது, அது நமக்குத் தெரியாது. அதற்குப் பின் ஒரு சின்ன ஓய்வு. அடுத்த துடிப்பில் கூடுதலாக இரத்தம் தள்ளப்படும். தொண்டை வரை வந்த அந்தப் பெரிய அடி அதுதான். 10.20 க்கு நான் எழுதிய இரண்டும், பெட்டியில் இருந்த இரண்டும் நிமிடம் பிசகாமல் பொருந்தின.

அப்படியென்றால் மருந்து? அவர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யவில்லை. எக்கோவைத்தான் முதலில் பார்த்தார். தசையும் வால்வும் நன்றாக இருந்தன, இரத்தம் தள்ளும் அளவு 62 சதவீதம். மயங்கி விழுந்தீர்களா, நடக்கும்போது நெஞ்சு இறுகுமா, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை. அப்படியென்றால் இந்தத் துடிப்புகளால் உயிருக்கு ஆபத்து என்று பயப்படத் தேவையில்லை, தாங்க முடியாத தொந்தரவு இருந்தால் மட்டும் மருந்து யோசிக்கலாம், உங்களுக்கு இழுப்பு இருப்பதால் அதிலும் கவனம் வேண்டும் என்றார்.

இருந்தாலும் அடக்கிவிட்டால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். அப்போது அவர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். மாரடைப்பு வந்தவர்களுக்கு எக்ஸ்ட்ரா துடிப்பு கூடுதலாக இருந்தால் ஆபத்து என்று தெரிந்திருந்தது. அதனால் மாத்திரையால் அடக்கினால் பிழைப்பார்கள் என்று டொக்டர்களும் நம்பினார்கள். என்கெய்னைட், ஃபிளெகெய்னைட் என்ற மாத்திரைகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆனால் 1989 இல் வந்த முடிவில், அந்த மாத்திரை எடுத்தவர்கள்தான், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களை விட அதிகமாக இறந்திருந்தார்கள். கடதாசியில் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று, ஆளைக் காப்பாற்றுவது வேறொன்று என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

என் உண்மையான பிரச்சினை இரத்தப் பரிசோதனையில் இருந்தது. ஹீமோகுளோபின் 9.8. மாதவிடாய் அதிகமாகப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பொம்பளைக்கு இதெல்லாம் வழமை என்று விட்டிருந்தேன். இரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடு செய்யப் பார்க்கும், படபடப்பும் கூடும். எனக்கு எழுதிக் கொடுத்த மருந்து இரும்புச்சத்து மாத்திரை, அதோடு பெண்நோய் நிபுணருக்கு ஒரு கடிதம். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் தேத்தண்ணி குடிக்க வேண்டாம் என்றார். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. தேயிலை மலையில் பிறந்து, சோற்றுக்குப் பின் சாயத்தண்ணி இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. இப்போது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறேன். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.9 ஆனது. துடிப்பு இன்னும் இடைக்கிடை தவறுகிறது. முன்பைப் போல் இல்லை, வந்தாலும் பயமில்லை.

மாமியின் கதை வேறு. வயது 71. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பிரஷரும் சீனியும் உண்டு. படபடப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. படி ஏறினால் மேல்மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கிளினிக்கில் நாடி பிடித்த டொக்டருக்கு ஒழுங்கில்லாமல் தெரிந்திருக்கிறது. ஈ.சி.ஜி. எடுப்பதற்குள் சரியாகிவிட்டது. அதனால் ஹோல்டர் போடச் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே போட்டோம், காசில்லாமல். தாளை நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். அன்றைக்கு முழுக்க அவர் நெஞ்சில் ஒன்றும் உணரவில்லை.

ரிப்போர்ட்டில் ராத்திரி ஒரு தரம், விடியலில் ஒரு தரம், மொத்தமாக மூன்றரை மணி நேரம் மேலறை துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். மேலறை இப்படி நடுங்கும்போது உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பாரிசவாதம். இது இருப்பவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. வயது, பிரஷர், சீனி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுப் பார்த்து, இவருக்கு இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கட்டாயம் என்றார் டொக்டர். வார்ஃபரின் தொடங்கினார்கள். துடிப்பு வேகத்தைக் குறைக்க பிசோபுரோலோல் சிறிய அளவில். அதுவும் பீட்டா புளொக்கர்தான். எனக்கு மூச்சை அடைத்த அதே குடும்பத்து மாத்திரை, இழுப்பு இல்லாத மாமிக்கு நன்றாக ஒத்துக்கொண்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல, எனக்கு மருந்து. ராப்பகலா நெஞ்சு அடிக்குதுன்னு அழுத புள்ளைக்கு மருந்து இல்லையா?" என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. நானும் இதே கேள்வியை டொக்டரிடம் கேட்டேன். எவ்வளவு உணர்கிறோம் என்பதற்கும் எவ்வளவு ஆபத்து என்பதற்கும் தொடர்பு இல்லை என்றார். மாமிக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கூரை ஒழுகினால் சத்தம் கேட்கும், கறையான் அரித்தால் கேட்காது என்றேன். அப்புறம் மறுக்கவில்லை.

வார்ஃபரின் எளிதான மருந்து இல்லை. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். முதல் மாதம் ஓயாமல் போய் வந்தோம். கீரையை விட வேண்டியதில்லை, ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்று ஆக்கக் கூடாது. முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்ட பழக்கத்தை நிறுத்த வேண்டியிருந்தது, இரண்டும் சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியும். ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத எபிக்ஸபான், ரிவரொக்ஸபான் மாத்திரைகளும் இருக்கின்றன, கையில் காசுள்ளவர்கள் டொக்டரிடம் கேட்கலாம். சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் மட்டும் வார்ஃபரின்தான்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது படபடப்போடு மயக்கம், நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல் இருந்தால், அல்லது திடீரென்று வாய் கோணி ஒரு பக்கம் கை கால் விழுந்தால், ஹோல்டர், சனல் என்று யோசிக்காமல் 1990 க்கு அடியுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. தோட்டத்து லொறியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பரிசோதனையைப் பற்றி என் கருத்து: கட்டாயம் செய்யலாம், வலியில்லை, ஒரு நாள் தொல்லை. ஆனால் காசு கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். ரிப்போர்ட்டை வாசித்துக் கையெழுத்து வைப்பது யார்? அச்சடித்ததை அப்படியே உறையில் போட்டுத் தருகிற இடமென்றால் வேறு இடம் பாருங்கள். எங்களுக்கு விளங்கும் மொழியில் பேசுகிற ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மாமியின் கிளினிக்கில் ஒரு தமிழ் நேர்ஸ் இருக்கிறார். மாத்திரையின் நிறத்தைச் சொல்லி, எந்த நாள் எது என்று காலண்டரில் பூ வரைந்து கொடுத்தார். படிக்கத் தெரியாத மாமி ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

வருகிற வியாழக்கிழமை அவருக்கு ஐ.என்.ஆர். இருக்கிறது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு வருடம் கழித்து இன்னொரு ஹோல்டர் போட்டுப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதை இந்த முறை அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து காத்திருக்கப் போகிறேன்.